ஸ்பாவில் மழை வேண்டும், ஆனால் அளவாக

இரண்டு நாட்களாகக் கைப்பேசியில் பெல்ஜியத்து வானிலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காய்கிறது. மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. "தலைக்கு மேலே இருக்கிற மேகம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, கடல் தாண்டி இருப்பது மட்டும் தெரியும்" என்று மனைவி சொல்லிவிட்டு, அவளே போய்த் துணியை எடுத்து வந்தாள். நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஃபார்முலா 1 கார் பந்தயம். மாலை 6.30 மணிக்கு, அதாவது அங்கே பிற்பகல் 3 மணிக்கு நேராக, வானிலைச் செயலியில் ஒரு சின்ன மேகமும் மூன்று துளிகளும் வரைந்திருக்கிறார்கள். அந்த மூன்று துளிகளை நம்பி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

ஸ்பாவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்டென் காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக ஓடும் 7 கிலோமீட்டர் பாதை அது. இன்றைய ஃபார்முலா 1 பாதைகளில் இதுதான் மிக நீளம். பாதையின் உச்சிக்கும் அடிக்கும் உயர வித்தியாசமே ஏறக்குறைய 100 மீட்டர் இருக்கும். இதனால் லா சோர்ஸ் வளைவில் வெயில் அடிக்கும்போதே, காட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டாவலோ அருகில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். வண்டியில் ஊருக்குப் போகும்போது ஆற்றுக்கு இந்தக் கரையில் நனைந்து அந்தக் கரையில் காய்ந்ததுண்டு அல்லவா? அதையே மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே செட் டயரில் செய்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமையே வானத்தைப் பார்க்கத் தொடங்குவது எங்களைப் போன்ற பைத்தியங்கள் மட்டுமல்ல, அணிகளும்தான். ஸ்பாவில் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் நீண்ட நேர்ப்பாதைகள். அங்கே, காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையைக் குறைத்து வைத்தால் வேகம். நடுப்பகுதி முழுக்க வளைவுகள். அங்கே இறக்கை அதிகம் வேண்டும். மழை பெய்தால் அதிக இறக்கை வைத்தவன் பிழைத்தான், காய்ந்தால் கெம்மல் நேர்ப்பாதையில் எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே போவான். தொடங்கும் வரிசையை முடிவு செய்யும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்று தொடங்கிவிட்டால் காரின் அமைப்பை மாற்ற விதி இடம் தராது. ஆக, ஞாயிறு பெய்யப்போகும் மழைக்குச் சனிக்கிழமையே பந்தயம் கட்டியாக வேண்டும். இந்தச் சூதாட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பந்தயம் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே பாதிப் பந்தயம் முடிந்துபோகிறது, யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம். "மழை கொட்டட்டும், அப்போதுதான் ஓட்டுநரின் திறமை தெரியும்" என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறோமே, அது பாதிதான் உண்மை. கொட்டுகிற மழையில் யாருடைய திறமையும் தெரிவதில்லை. ஆபத்து நேரத்தில் யாரையும் முந்தவிடாமல் எல்லோரையும் மெதுவாக அழைத்துப் போகும் சேஃப்டி காரின் பின்விளக்குதான் தெரிகிறது. நமக்கு உண்மையில் பிடித்திருப்பது மழை இல்லை. நனைந்த பாதை மெல்லக் காய்கிறதே, அந்தப் பத்து, பதினைந்து சுற்றுகள்தான்.

2021 ஆகஸ்ட் 29-ஐ மறக்க முடியுமா? 6.30 மணிக்கு டிவி முன் உட்கார்ந்தேன். கார்கள் சேஃப்டி கார் பின்னால் கிளம்பின, திரும்பி வந்தன, பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி. பிறகு மழை. பிறகும் மழை. கூரையில்லாத மேடைகளில் பிளாஸ்டிக் கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்களைக் கேமரா காட்டிக்கொண்டே இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்து, சேஃப்டி கார் பின்னால் இரண்டே சுற்று ஊர்வலம் விட்டுவிட்டு, பந்தயம் முடிந்தது என்றார்கள். ஒருவர்கூட ஒருவரை முந்தவில்லை. முந்தவும் கூடாது. முதலிடம் வெர்ஸ்டாப்பன், இரண்டாமிடம் வில்லியம்ஸ் காரில் ஜார்ஜ் ரசல், மூன்றாமிடம் ஹாமில்டன். பாதிப் புள்ளிகள். வெர்ஸ்டாப்பனுக்கு 12.5. மேடை போட்டுக் கோப்பையும் கொடுத்தார்கள்! சனிக்கிழமை ஈரத்தில் ரசல் ஓட்டிய தகுதிச் சுற்று அற்புதம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஞாயிறு நடந்தது பந்தயம் அல்ல. ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஹாமில்டன் அன்றே வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் விதியை மாற்றினார்கள்: சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றாவது ஓடினால்தான் புள்ளி.

அன்று இரவு நானும் இங்கே ஒரு நீண்ட வசைப் பதிவு எழுதினேன். பழைய நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். ஓட்டுநர்களைக் "கோழைகள்" என்று சொல்லியிருந்தேன். ஊர்வலத்தையும் கோப்பையையும் பற்றி எழுதியது இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சொல் மட்டும் தவறு.

தவறு என்று எப்போது உறைத்தது தெரியுமா? 2023 ஜூலை 1. அதே ஸ்பா, அதே மழை, இளையோருக்கான ஃபார்முலா பந்தயம் ஒன்று. ரெய்டியோன் ஏற்றம் தாண்டிய இடத்தில் நீர்ப்புகைக்குள் கார்கள் மோதிக்கொண்டதில் டிலானோ வான் ட் ஹாஃப் இறந்துபோனார். வயது 18. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் கார் நிற்பதே தெரியவில்லை. என் அக்கா மகனுக்கும் அப்போது அதே வயது. செய்தியைப் படித்துவிட்டுப் பழைய பதிவைத் தேடி எடுத்து அழித்தேன். 2014-இல் சுசூகாவில், புயல் மழையில், மீட்பு வாகனத்தின் மீது மோதிய ஜூல்ஸ் பியாங்கி ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்ததையும் பார்த்தவன்தான் நான். அப்போது உறைக்காதது ஏன் என்று தெரியவில்லை. தூரமா, வயதா, என்னவோ.

தொலைக்காட்சியில் பார்க்கும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கேமரா மேலே இருக்கிறது. ஓட்டுநருக்கு இல்லை. மழைக்கான வெட் டயர் 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி வீசும் என்பது பிரெல்லி நிறுவனம் சொல்லும் கணக்கு. அது ஒரு டயருக்கு. நான்கு டயருக்கு 340 லிட்டர், நம் வீட்டுக் கணக்கில் இருபது குடம். நொடிக்கு இருபது குடம் தண்ணீரைப் பின்னால் வருபவன் முகத்தில் ஊற்றிக்கொண்டே போகிறது ஒரு கார். அதற்கு முன்னால் பத்துக் கார். கெம்மல் பகுதியில் இரண்டு பக்கமும் மரங்கள். அந்தப் புகை கலைந்து போக இடமில்லாமல் பாதை மேலேயே தொங்குகிறது. அதற்குள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போகிறவனைப் பார்த்துத்தான் நான் கோழை என்று எழுதினேன், சோபாவில் சாய்ந்துகொண்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கனமழைக்கென்றே நீலக் கோடு போட்ட வெட் டயர் இருக்கிறது. ஆனால் அது தேவைப்படும் அளவுக்கு மழை பெய்தால் கண் தெரியாது, பந்தயத்தை நிறுத்திவிடுவார்கள். கண் தெரியும் அளவுக்கு மழை குறைந்தால் பச்சைக் கோடு போட்ட இன்டர்மீடியட் டயரே வேகமானது. ஆக, நீல டயர் சேஃப்டி கார் பின்னால் உருட்டுவதற்குத்தான். டயரை மாற்றி என்ன பயன்? காரின் அடிப்பகுதியே தண்ணீரை உறிஞ்சி மேலே வீசியது. 2022 முதல் 2025 வரை இருந்த விதிகளில் அடித்தளத்துக்குக் கீழே சுரங்கம்போல் வழி விட்டார்கள் அல்லவா, அதன் விளைவு அது. சக்கரங்களுக்கு மட்கார்டுபோல ஒன்றைச் செய்து மாட்டியும் சோதித்தார்கள், 2023-இல் சில்வர்ஸ்டோனில், 2024-இல் ஃபியோரனோவில். எதிர்பார்த்த பலன் இல்லை. சைக்கிள் மட்கார்டு கழன்று விழுந்த காலத்தில் பள்ளிச் சட்டை முதுகில் சேற்றுக்கோடு வாங்கிய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை நன்றாகவே புரியும்.

"அந்தக் காலத்தில் நிறுத்தவா செய்தார்கள்?" என்று கேட்பவர்களுக்கு 1966-ஐ நினைவுபடுத்துகிறேன். அப்போது ஸ்பா 14 கிலோமீட்டர், சாதாரண ஊர்ச் சாலைகள். தொடங்கும் இடம் காய்ந்திருந்தது. காட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் மழைக்குள் பாய்ந்தார்கள். முதல் சுற்றிலேயே பாதிக் கார்கள் ஒழிந்தன. ஜாக்கி ஸ்டூவர்ட் சாலையை விட்டுப் பறந்து, நசுங்கிய காருக்குள் கசியும் பெட்ரோலில் ஊறியபடி சிக்கிக்கொண்டார். உதவிக்கு ஆளில்லை, மருத்துவர் இல்லை. அதே இடத்தில் வழுக்கி நின்ற கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும்தான் பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றி அவரை வெளியே இழுத்தார்கள். பந்தயம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பிறகு ஸ்டூவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். பாதுகாப்புக்காக வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். அன்று அவரையும் கோழை என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

அந்த கிரஹாம் ஹில்லின் மகன் டேமன் ஹில்தான் 32 ஆண்டுகள் கழித்து, 1998-இல், அதே ஸ்பாவின் மழையில் ஜோர்டான் அணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. லா சோர்ஸ் வளைவு தாண்டியதும் கூல்தார்டின் கார் வழுக்கிச் சுழன்றது, பின்னால் வந்தவை ஒன்றன் மேல் ஒன்றாக மோதி 13 கார்கள் நொறுங்கின. சக்கரங்கள் தனித்தனியாக உருண்டு ஓடின. யாருக்கும் பெரிய காயமில்லை என்பது அதிசயம். மறுபடி தொடங்கி, ஷூமாக்கர் அரை நிமிடத்துக்கு மேல் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது, நீர்ப்புகைக்குள் ஒரு சுற்றுப் பின்தங்கி மெதுவாகப் போன கூல்தார்டின் பின்பக்கத்தில் போய் இடித்தார். மூன்று சக்கரத்தில், டயர் மாற்றும் இடமான பிட்டுக்கு வந்து சேர்ந்து, கூல்தார்டின் மெக்லாரன் அணியின் கேரேஜை நோக்கி அவர் நடந்த நடை! தெருச் சண்டைக்குப் போகும் நடை அது. நான் அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் இன்று பார்க்கும்போது கண் கூல்தார்டின் காரைத்தான் தேடுகிறது. ஷூமாக்கர் இடிக்கும் கணம் வரை அந்தக் கார் எனக்கும் தெரிவதில்லை.

எங்கள் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனுக்கும் ஸ்பா ஈரத்தில் ஒரு கணக்கு உண்டு. 2005-இல் ஜோர்டான் காரில் 11-ஆவதாக வந்தார். அதே அணியில் அதே காரை ஓட்டிய டியாகோ மொன்டெய்ரோ 8-ஆவதாக வந்து ஒரு புள்ளியைத் தட்டிக்கொண்டு போனார். அந்த மூன்று இடங்களை இருபது ஆண்டுகளாக நான் மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

சரி, நான் கேட்கும் மழை எப்படிப்பட்டது? 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி இருபது நிமிடம் காக்க வைத்தார்கள். முன்பே தொடங்கியிருக்கலாம் என்று வெர்ஸ்டாப்பனே கடிந்துகொண்டார். ஈரத்துக்கென்று காரை அமைத்து வைத்திருந்தவர், எரிச்சல் வராதா? நானும் டிவி முன் முணுமுணுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தொடங்கியதும் என்ன ஆயிற்று? முதல் உண்மையான சுற்றிலேயே ஓ ரூஜ் பள்ளத்தில் இறங்கி ஏறி, கெம்மலில் நோரிஸைத் தாண்டிப் போனார் பியாஸ்ட்ரி. பந்தயத்தையும் அவரே வென்றார். அதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் நடந்தது. எல்லோருக்கும் பின்னால், பிட் பாதையிலிருந்து தொடங்கிய ஹாமில்டன், பாதையில் ஒரு கோடு காய்ந்திருக்கிறது என்று 11-ஆவது சுற்றிலேயே முதல் ஆளாக உள்ளே வந்து, காய்ந்த பாதைக்கான வழுவழுப்பான ஸ்லிக் டயர் மாட்டினார். மற்றவர்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரிசையாக வந்தார்கள். அந்த ஒரு சுற்றில் அவருக்கு எத்தனை இடம் கிடைத்தது! கடைசியில் 7-ஆவது.

பந்தயத்தில் என் உயிர் இருப்பது அந்தக் கணத்தில்தான். பாதை காய்ந்துவிட்டதா இல்லையா என்று எந்தக் கணினியும் சொல்லாது. ஓட்டுநர் நேர்ப்பாதையில் வேண்டுமென்றே ஓரத்து ஈரத்தில் காரை விட்டு, சூடேறித் தேயும் இன்டர்மீடியட்டைக் குளிர்விப்பார். அதைப் பார்த்தாலே தெரியும், இன்னும் இரண்டு சுற்றுதான் என்று. ஒரு சுற்று முந்தினால் வெள்ளைக் கோட்டில் வழுக்கிச் சுவரில் போய் நிற்க வேண்டும். ஒரு சுற்றுப் பிந்தினால் ஐந்து பேர் தாண்டியிருப்பார்கள். செட்டிப்பாளையம் பந்தயப் பாதையில் ஒருமுறை தூறலுக்குப் பிறகு ஒரு வயதான மெக்கானிக் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு" என்று விரலைக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பதுபோல் இருந்தது.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் வேண்டுதல் இது: காலையில் நன்றாகப் பெய்யட்டும். 3 மணிக்குத் தூறலாகட்டும். பிறகு நிற்கட்டும். அப்படி நடக்காமல் கொட்டினால், காக்க வைக்கட்டும். நள்ளிரவு வரை உட்கார நான் தயார். ஓட முடியாது என்றால் ஓட முடியாது என்று நேராகச் சொல்லி, நனைந்தவர்களுக்கு டிக்கெட் பணத்தைக் கொடுத்து அனுப்பட்டும். இரண்டு சுற்று ஊர்வலம் மட்டும் வேண்டாம்.

அக்கா மகனிடம் இன்று பேசினேன். "மாமா, முழுக்கக் காய்ந்துதான் இருக்கப்போகிறது, வேண்டுமானால் பாருங்கள்" என்கிறான். அவனிடம் வேறு செயலி இருக்கிறதாம். முதல் ஸ்லிக் டயர் எந்தச் சுற்றில் என்று இருவரும் ஆளுக்கொரு எண் எழுதி வைத்திருக்கிறோம். நான் 13. அவன் பூஜ்யம். தோற்பவர் அடுத்த ஒரு மாதம் மாடித் துணியை எடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் மனைவிக்குத்தான் பரம திருப்தி.