லக்சா தமிழ்ச் சொல்லா?

சனிக்கிழமைதோறும் மலேசியாவின் பிறை நகரிலிருந்து பினாங்குத் தீவுக்கு, பாட்டி வீட்டுக்குப் போவோம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நெரிசல் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். முன்பெல்லாம் பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுவேன். இப்போது அந்தாதி விளையாடுகிறோம். ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். புள்ளி இருந்தால் எடுத்துவிடலாம்.

நான் ‘மரம்’ என்றேன். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ‘மயில்’ என்றாள். அடுத்து ல. தம்பிக்காரன் ‘லாரி’ என்றான், ‘லட்டு’ என்றான், பினாங்குப் பிள்ளையாயிற்றே, இங்கத்து நூடுல்ஸ் உணவான ‘லக்சா’வையும் சொல்லிக் கத்தினான். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

“ஏன்ப்பா ல-வுல தமிழ்ச் சொல்லே இல்ல?” என்றாள் மகள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ல, ர, ட, ழ போன்ற எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. அது தொல்காப்பியக் காலத்து விதி. லாரியும் லட்டும் லக்சாவும் வெளியிலிருந்து வந்தவை. பாட்டி ‘இராமாயணம்’ என்று ‘இ’ போட்டு எழுதுவது ஏன் என்பதும் அவளுக்கு அன்றே விளங்கிவிட்டது. பாடநூலில் படித்திருந்தால் ஒப்பித்துவிட்டு மறந்திருப்பாள். தானே முட்டி நின்றதால் மறக்கவில்லை.

ஆங்கில எழுத்துவில்லை விளையாட்டான ஸ்கிராபிளைப் பார்த்து நானும் தமிழுக்கு அட்டை வெட்டினேன். அங்கே 26 எழுத்து, நமக்கு 247. குவியலில் ‘கொ’வைத் தேடுவதற்குள் பிள்ளைகளுக்கு ஆசை போய்விட்டது. தமிழுக்கு வாயால் ஆடும் ஆட்டமே சரி.

ல, ள, ழ-வுக்கும் அப்படித்தான். “வாளப்பளம் இல்ல, வாழைப்பழம்” என்று திருத்தத் திருத்த சின்னவன் பேச்சையே குறைத்துக்கொண்டான். இப்போது நான் ‘புளி’ என்றால் முகம் சுளிக்க வேண்டும், ‘புலி’ என்றால் உறும வேண்டும். பிறகு அவன் சொல்ல, நான் செய்ய வேண்டும். நான் தவறாக உறுமினால் அவனே நாக்கை மடித்துத் திருப்பிச் சொல்கிறான்.

1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க்கல்வியின் பிறப்பாகச் சொல்கிறோம். 2016-இல் 200 ஆண்டு விழாவும் எடுத்தோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் காரில் ஏறியதும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசுகிறோமே, அது வலிக்கிறது. பெற்றோரே, விளையாடுங்கள். தயவுசெய்து மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.

போன சனிக்கிழமை நான் ‘கவிதை’ என்றேன். மகள் கொஞ்சம் யோசித்து, “தையல்” என்றாள். “லாரி, லட்டு, லக்சா எதுவும் செல்லாதுப்பா.” பாலம் முடிந்து தீவுக்குள் நுழைந்துவிட்டோம். என்னிடம் சொல் இல்லை.