படலம் மிதக்கவில்லை என்றால் டீசல் இல்லை என்று அர்த்தமில்லை

"மண்ணைத் தண்ணியில கரைச்சுப் பாருங்க, வானவில் படலம் வரலேன்னா டீசல் இல்ல, லேபுக்குக் கொடுக்கிறது தண்டம்" என்று, தோப்பு மண்ணில் டீசல் கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு ஒரு அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். இது தப்பு. அதிகமாகக் கொட்டியிருந்தால்தான் படலம் கண்ணுக்குத் தெரியும். மண்துகளில் ஒட்டிக்கொண்ட டீசல் லேசில் மிதந்து வராது. தண்ணியில் இரும்பு இருந்தால் வளரும் இரும்புப் பாக்டீரியாவின் படலமும் அதே மாதிரி பளபளக்கும். குச்சியால் தொட்டதும் சில்லு சில்லாக உடைந்தால் அது பாக்டீரியாதான். எண்ணெய் மறுபடி கூடிவிடும்.

லேபில் மண்ணின் ஈரத்தை நீக்கி, கரைப்பானில் எண்ணெயைப் பிரித்து, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் விடுவார்கள். டீசல் என்றால் சுமாராக 10 முதல் 28 வரை கார்பன் அணுக்கள் உள்ள மூலக்கூறுகள். ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வரும். அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சாணியெரு போட்ட மாந்தோப்பில் எருவின் கொழுப்பும் இலை மெழுகும் சேர்ந்து கணக்கை ஏற்றிவிடும். அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கா ஜெல்லில் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள், கருவி வரைந்த கிராஃபையும் வாங்குங்கள். அதே தோப்பில் டீசல் படாத மூலையிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மண் மாதிரியும் கொடுங்கள்.

தொப்பூர் பக்கம் சாலையோரத் தோட்டத்தில் டேங்கர் கவிழ்ந்தபோது நான் கேரி பேக்கில் மண் அள்ளிப் போனேன். பஸ் முழுக்க நாற்றம். லேபில் வாங்கவே இல்லை. கண்ணாடி பாட்டிலில் தளும்ப நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்ரோல் என்றால் இன்னும் மோசம், வழியிலேயே பாதி ஆவியாகிவிடும்.