மழைக்குப் பின் டெங்கு வரும் என்பது யாருக்குத் தெரியாது?

கொழும்பில் டெங்கு பெருகியது பற்றி, "இந்தப் பெருக்கத்தை எவராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது" என்று அதிகாரி ஒருவர் சொன்ன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைக் கேட்ட பின்பு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. கொழும்பில் டெங்கு எப்போது பெருகும் என்பது முன்கூட்டியே தெரியும்.

தென்மேல் பருவமழையை ஒட்டி ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு தடவையும், வடகீழ் பருவமழையை ஒட்டி ஆண்டு மாறும் வேளையில் இன்னொரு தடவையும் நோயாளர் தொகை உயர்வதை, சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கைகளைப் புரட்டும் எவரும் காணலாம். தேங்கிய நீரில் முட்டை நுளம்பாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். அந்த நுளம்பு நோயாளி ஒருவரைக் கடித்து, வைரசு அதன் உடலில் பெருகி அடுத்தவருக்குத் தொற்ற மேலும் பத்து நாளளவு செல்லும். இந்தச் சுற்று சில தடவைகள் நடந்த பின்னரே வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்புகின்றன. அதிகாரிகளே, அந்த வாரங்கள் முழுவதும் உங்கள் கையில் இருந்தன.

மழையை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது, கடும் மழை நீரில் வளரும் நுளம்புக் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் குடம்பி ஆய்வையும், முந்தைய ஆண்டுகளின் நோயாளர் தொகையையும், டெங்கு வைரசின் நான்கு வகைகளில் எது பரவுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். பல ஆண்டுகள் அதிகம் காணப்படாத இரண்டாம் வகை வைரசு 2017இல் மேலோங்கியபோது, இலங்கையில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். கணிப்புப் பிழைத்தால் செலவு வீண் என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: துப்புரவாக்கிய வடிகானால் எவருக்கும் நட்டமில்லை.

கொட்டாஞ்சேனையில் என் அக்காவின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது, குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இறங்க இறங்க அக்கா சாப்பிடவும் இல்லை, உறங்கவும் இல்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் நீர் தேங்கி நிற்பதாக, மழை தொடங்கியபோதே ஒழுங்கைக்காரர் முறையிட்டிருந்தனர். புகை அடிக்க ஆட்கள் வந்தது, அதே ஒழுங்கையில் வேறு பிள்ளைகளும் படுத்த பின்னர்தான். பூச்சாடித் தட்டில் குடம்பி இருந்ததென்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வழக்கு வைத்தார்கள். கட்டடக்காரரிடம் எவரும் போகவில்லை. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், எவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று.

வீடு வீடாக, நோயாளி நோயாளியாகத் தேடிச் சென்று மலேரியாவை ஒழித்து, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்ற நாடு இது. நம்மிடம் அறிவில்லை, ஆளில்லை என்று நான் எப்படி நம்புவது? அடுத்த பருவமழைக்கு முன் எந்தெந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் ஆய்வு நடக்கும், எந்தக் கட்டடத் தளங்கள் பரிசோதிக்கப்படும் என்பதை மூன்று மொழிகளிலும் இப்போதே வெளியிடுங்கள்.