2பி என்றால் என்ன என்று கேட்டது குற்றமா?

நம் தோட்டத்தில் கைபேசி டவர் வந்தால் புற்றுநோய் வரும் என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் போட்ட எதிர்ப்புக் கூட்டத்தில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "கம்பெனிக்காரன் கைக்கூலி" என்று பட்டம் வாங்கியது நான்தான். நான் கேட்டது ஒரே கேள்வி: 2பி என்று கத்துகிறீர்களே, அதற்கு அர்த்தம் தெரியுமா? பதில் வரவில்லை, மைக்கைப் பிடுங்கினார்கள். சரி, இங்கே பிடுங்க முடியாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் கைபேசி, டவர் அலைகளை 2பி பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோய் வரவைக்கக் கூடும், சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்று அர்த்தம். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவுதான். புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியான முதலாம் பிரிவில் யார் யார்? எக்ஸ்ரே, தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் நாள் முழுக்க நம் தலையில் விழும் வெயில், புகையிலை, அப்புறம் மடியில் முடிந்திருக்கிற வெற்றிலை பாக்கு. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு சொல்கிறது. ஆபத்து எவ்வளவு என்பது வேறு கணக்கு. மறுபடி சொல்கிறேன், வேறு கணக்கு.

"எல்லாம் கதிர்தானே" என்கிறார்கள். எக்ஸ்ரேக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு உண்டு. டவர் அலைக்கு இல்லை. எக்ஸ்ரேயிலும் அளவு பார்க்க வேண்டும். ஒரு நெஞ்சுப் படத்துக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அளவு). சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணும் வானமும் வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 கொடுக்கின்றன.

இது தெரியாமல்தான் என் மாமா மூன்று மாதம் இருமிக்கொண்டே கிடந்தார். கதிர் பட்டால் ரத்தம் சுண்டிவிடும் என்று யாரோ சொன்னார்களாம், படம் எடுக்கவே போகவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடியபோது டீபி இரண்டு பக்கமும் பரவியிருந்தது. அந்த "யாரோ" ஞாயிறு அன்று மேடையில் இருந்தார்.

"டவுனுக்குப் போனவனுக்கு லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கஷ்டம் தெரியுமா?" என்றும் கேட்டார்கள். 2020இல் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறியபோது குடை பிடித்துக்கொண்டு கூட ஏறியவன் நான். ஜெனரேட்டர் சத்தம், நம்மைக் கேட்காமல் டவருக்கு இடம் கொடுத்தது, இதையெல்லாம் எதிர்ப்பது நியாயம். அதற்குக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

ஆனால் "கூடும் என்றாலே பயப்பட வேண்டும்தானே" என்பவர்களே, கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 2015இல் 2ஏ பிரிவுக்குப் போனது. டவரைவிட ஒரு படி மேலே. அதே வருடம் இலங்கையில் அதைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். முகமூடி இல்லாமல் முதுகில் டாங்கியோடு மருந்தடித்தவர்களுக்காக எந்தக் கோயிலில் மைக் கட்டினீர்கள்?

என் அம்மாயி கன்னத்துப் புண்ணோடு எட்டு மாதம் கஞ்சிகூட இறங்காமல் செத்தாள். ஐம்பது வருடப் பாக்கு. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டு வைத்தோம். நீட்டியவன் நான்தான்.