முதுகில் கட்டிக்கொண்டு குதிப்பார்கள், மாணவியாகச் சேர்க்க மாட்டார்கள்

காது கேளாதவர்கள் தனியாக ஸ்கைடைவிங் கற்கக் கூடாது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. விமானத்தை விட்டு வெளியே பாய்ந்த பிறகு அங்கே யாருக்குக் காது கேட்கிறது?

13,000 அடியில் குதித்தால் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறோம். மாணவர்கள் 5,500 அடி அளவில் பாராசூட்டை விரிக்க வேண்டும். இடைப்பட்ட முக்கால் நிமிடமும் காற்றின் இரைச்சல்தான். பக்கத்தில் பிடித்துக்கொண்டு வரும் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினாலும் எவருக்கும் கேட்காது. அதனால் எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு. அதே விரல்கள் மடங்கினால் காலை மடக்கு. ஒற்றை விரல் நீண்டால் பாராசூட்டை விரி. முகத்துக்கு முன்னால் கையை உதறிக் காட்டினால் உடம்பைத் தளர்த்து. எனக்கு இதைத்தான் அடிக்கடி காட்டினார்கள். என்னோடு பயின்ற மற்றவர்கள் இரவெல்லாம் இதை மனப்பாடம் செய்தார்கள். சிறு வயதிலேயே காய்ச்சலில் செவி போய், அன்றிலிருந்து கண்ணாலேயே கேட்டுப் பழகியவளுக்கு இது ஒரு பாடமா?

பாம்பனில் பிறந்தவளுக்கு இதில் அதிசயமும் இல்லை. அப்பாவின் விசைப்படகில் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால், படகின் முன்பக்கமான அணியத்தில் நிற்பவர் கையை அசைப்பார், பின்னால் சுக்கான் பிடித்திருப்பவர் படகைத் திருப்புவார். அவர்களுக்கெல்லாம் காது நன்றாகவே கேட்கும்.

சிக்கல் பாராசூட் விரிந்த பிறகுதான் வருகிறது. அதை மறைக்க மாட்டேன். புதிய மாணவர்களுக்குத் தரையில் இருப்பவர் ரேடியோவில் "இடது பக்கம் திரும்பு, இப்போது பிரேக்கை இழு" என்று சொல்லிக்கொடுப்பார். எனக்கு அது பயன்படாது. ஆனால் இதற்கு மாற்று பல காலமாகவே இருக்கிறது. தரையில் ஒருவர் பெரிய அம்புக்குறிப் பலகையைப் பிடித்து நிற்பார். அது திரும்பும் பக்கம் நாமும் திரும்ப வேண்டும். இறங்கும் நொடியில் அவர் இரண்டு கைகளையும் தாழ்த்தினால் நாமும் பிரேக்கை, அதாவது பாராசூட்டின் வேகத்தைக் குறைக்கும் கயிறுகளை, முழுதாக இழுக்க வேண்டும். உயரத்தை ஒலியால் எச்சரிக்கும் கருவிக்குப் பதிலாகக் கண்ணருகே ஒளிரும் விளக்கு இருக்கிறது. மணிக்கட்டில் உயரமானி எப்படியும் இருக்கும். 1,000 அடியில் எங்கே இருக்க வேண்டும், 600 அடியில் எங்கே திரும்ப வேண்டும், 300 அடியில் எந்தத் திசை பார்த்து இறங்க வேண்டும் என்பதையெல்லாம் விமானம் ஏறுமுன்பே தரையில் நடந்து பார்த்துப் பழகுகிறோம். ஆக, தேவைப்படுவது ஒரு பலகையும் அதைப் பிடிக்க ஓர் ஆளும்.

இதைச் செய்ய மனமில்லாத ஒரு மையம் எனக்கு எழுதிய பதில் இன்னும் எரிச்சல் மூட்டுகிறது. "பாதுகாப்புக் காரணங்களால் உங்களை மாணவியாகச் சேர்க்க இயலாது. ஆனால் டேன்டம் முறையில் தாராளமாக வரலாம்." அதாவது, பயிற்சியாளரின் உடம்போடு என்னைக் கட்டிக் கீழே இறக்கத் தயார், அதற்குக் கட்டணமும் வாங்கத் தயார், நானே இறங்கக் கற்றுக்கொடுக்க மட்டும் தயாரில்லை. இது வானத்தில் மட்டும் நடப்பதில்லை. வங்கியில் என் கணக்கைப் பற்றி என் தம்பியிடம் பேசுகிறார்கள். மருத்துவமனையில் என் வயிற்றுவலியைப் பற்றி அம்மாவிடம் கேட்கிறார்கள். கடைசியில் வெளிநாட்டில் ஒரு மையம்தான் என்னைச் சேர்த்துக்கொண்டது.

காது கேளாதோருக்கு ஓட்டுநர் உரிமம் தர மறுத்தபோதும் பாதுகாப்பைத்தான் காரணம் காட்டினார்கள். தேர்வில் தேறினால் கொடுக்க வேண்டும் என்று 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான். தேர்வு வையுங்கள், தேறாவிட்டால் அனுப்பிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. செவிக் குறைபாடு உள்ளவர்களில் சிலருக்கு உட்காதின் சமநிலை உறுப்பும் பாதிக்கப்பட்டிருக்கும். அதைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும். காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் செவிக் கருவி) பொருத்தியவர்கள் வெளிப்பகுதியைக் கழற்றுவது பற்றியும் அவரிடமே கேட்க வேண்டும்.

"உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமே இருக்கிறதே, நம் ஊரிலேயே குதிக்கலாமே" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். நல்ல ஆசைதான். ஆனால் மாணவர்கள் குதிக்க, தரையில் காற்று மணிக்கு 22 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் கடல் வேறு. கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இங்கே குதித்தால் என்னைத் தேடி அப்பாதான் படகு எடுக்க வேண்டியிருக்கும்.

கற்க நினைக்கும் செவித்திறன் குறைந்த தம்பி தங்கைகள் முன்பணம் கட்டுமுன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தரையில் பலகை பிடிக்க ஆள் உண்டா, வகுப்பைச் சைகையிலோ எழுத்திலோ நடத்துவார்களா, ஒளியால் எச்சரிக்கும் உயரமானி தருவார்களா. "டேன்டம் வரலாமே" என்று பதில் வந்தால் அடுத்த மையத்துக்கு எழுதுங்கள்.