சிலம்பக் கம்பின் நீளம் குறித்து ஒரு திருத்தம்

கம்பு ஆறடிக்குக் குறையக் கூடாது, ஆகவே உயரம் குறைந்தவர்களுக்குச் சிலம்பம் ஒத்துவராது என்றொரு கருத்து இங்கே பலராலும் பகிரப்பட்டிருக்கிறது. பொறுத்தருள வேண்டும், எல்லோருக்கும் பொதுவான ஒரே நீளம் என்று சிலம்பத்தில் கிடையாது. நெடுங்கம்புக்கு ஆசான்கள் பெரும்பாலும் சொல்லும் அளவு, தரையில் நிறுத்தினால் ஆடுபவரின் நெற்றியை எட்டும் உயரம். ஐந்தடிப் பெண்ணிடம் ஆறடிக் கம்பைக் கொடுத்தால், வீசும்போது நுனி தரையில் தட்டும், மணிக்கட்டு நோகும், பழியோ அவருடைய உடல்வாகின் மேல் விழும். (ஆறடி ஆளுக்கே அந்தக் கம்பு சற்று நீளம்தான்.) ஐயமுள்ளவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பை உடலையொட்டி நிறுத்திப் பார்க்கலாம், அல்லது பாளையங்கோட்டைப் பக்கம் மாலைப் பயிற்சி நடக்கும் களம் ஏதேனும் ஒன்றுக்குச் சென்று, சிறுவர்கள் கையிலிருக்கும் கம்புகளைப் பெரியவர்களுடைய கம்புகளோடு ஒப்பிடலாம்.