டிஜிட்டல் மீட்டரில் கிலோமீட்டரைக் குறைக்க முடியாதா?

"டிஜிட்டல் மீட்டர் உள்ள காரில் கிலோமீட்டரைக் குறைக்கவே முடியாது, அதில் இருப்பதை அப்படியே நம்பலாம்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பிப் பழைய கார் வாங்கி யாரும் பணத்தை இழந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பழைய மீட்டரில் பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினார்கள். டிஜிட்டல் மீட்டரில் அந்த எண் ஒரு நினைவகச் சில்லில் பதிவாகிறது. அதை மாற்றி எழுதக் கருவிகள் உண்டு. பல கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் (மெக்கானிக் காரின் கணினியைச் சோதிக்கும் இடம்) அந்தக் கருவியைச் செருகினாலே வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் டயர். அதன் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. கார் 2019ஐச் சேர்ந்தது, மீட்டர் 18,000 காட்டுகிறது, ஆனால் நான்கு டயர்களும் 2023ஐச் சேர்ந்தவை என்றால் காரணம் கேளுங்கள். வெடிப்பு விட்டதால் மாற்றியிருக்கலாம். அதிகம் ஓடித் தேய்ந்ததாலும் இருக்கலாம். அப்புறம் பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் உறை, ஓட்டுநர் இருக்கையின் ஓரம். இவை வழவழவென்று தேய்ந்திருந்தால் குறைந்த கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. சர்வீஸ் ரசீதுகளில் தேதியோடு கிலோமீட்டரும் இருக்கும், வரிசையாக ஒப்பிடுங்கள்.

உண்மையிலேயே குறைவாக ஓடிய காரும் பிரச்சினை இல்லாதது அல்ல. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இன்ஜினில் உள்ள டைமிங் பெல்ட், ரப்பர் குழாய்கள் நின்ற இடத்திலேயே முதுமையடையும்.